தேநீர்க் கெண்டியில் பிறந்த பீர்

இந்தியாவின் பெயரைச் சுமக்கும் பானம் இங்கிலாந்தின் பர்ட்டன் நகரில் வளர்ந்தது. ஆலைகள் கைவிட்ட அதன் பழைய ருசியை இப்போது வீட்டுச் சமையலறைகள் தேடுகின்றன.

பர்மிங்ஹாமிலிருந்து டெர்பி போகும் ரயிலில் அரை மணி நேரம் பயணித்தால் பர்ட்டன் அபான் ட்ரென்ட். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததுமே வீட்டுக் கூரைகளுக்கு மேலே எழுந்து நிற்கும் எஃகுத் தொட்டிகள் கண்ணில் படும். எல்லாம் பீர்த் தொட்டிகள். காற்று இந்தப் பக்கம் வீசினால் தானியக் கஞ்சி கொதிக்கும் இனிய வாசனை. அந்தப் பக்கம் வீசினால் உப்பும் கருகலுமாக ஒரு நெடி. அது மார்மைட் ஆலையிலிருந்து வருவது. பீர் ஆலைகள் கழித்துத் தள்ளும் ஈஸ்ட்டைக் காசாக்க 1902-ல் இங்கே தொடங்கப்பட்ட ஆலை அது.

டவுன் ஹால் எதிரே பாஸ் குடும்பத்தின் பர்ட்டன் பிரபு சிலையாக நிற்கிறார். கடைவளாகத்துக்குள் பீப்பாய் செய்யும் தச்சர் ஒருவரின் வெண்கலச் சிலை. ஊரே பீரால் ஆனது என்பதைச் சொல்ல வேறு சாட்சி வேண்டாம். 1870-களில் இங்கிருந்த பாஸ் ஆலை ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் பீப்பாய்களை நிரப்பியது. உலகிலேயே பெரிய பீர் ஆலை அன்று அதுதான். லண்டனின் செயின்ட் பாங்க்ரஸ் ரயில் நிலையத்தின் அடித்தளத் தூண்களுக்கு இடையிலான தூரத்தையே பர்ட்டன் பீப்பாய்களின் அளவைக் கணக்கிட்டுத்தான் வைத்தார்கள். 1876 ஜனவரி 1 அன்று பிரிட்டனில் பதிவான முதல் வணிகச் சின்னம் பாஸ் பாட்டிலின் சிவப்பு முக்கோணம்.

இவ்வளவு புகழையும் கொடுத்த பானம், இந்தியா பேல் ஏல். இந்தியாவுக்கு அனுப்புவதற்கென்றே காய்ச்சிய, வெளிர் நிறமும் கடும் கசப்பும் கொண்ட பீர். இன்று பர்ட்டனின் பெரிய தொட்டிகளில் நுரைப்பது பெரும்பாலும் லாகர் வகை பீர். 1977-ல் பாஸ் ஆலை திறந்த அருங்காட்சியகம் கைமாறி, மூடி, மீண்டும் திறந்து, 2022-ல் அந்த இடத்தில் மூடப்பட்டது. 1838-ல் காப்புரிமை பெற்ற, பீப்பாய்களை வரிசையாகக் குழாயால் இணைத்து அவற்றுக்குள்ளேயே பீரை நொதிக்கவிடும் 'பர்ட்டன் யூனியன்' முறையைக் கடைசிவரை காப்பாற்றி வந்தது மார்ஸ்டன்ஸ் ஆலை. அந்தப் பீப்பாய் வரிசைகளுக்கும் 2024-ல் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அவற்றில் ஒரு தொகுதி மட்டும் பக்கத்து டெர்பிஷயரில் உள்ள தார்ன்பிரிட்ஜ் என்ற சிறிய ஆலைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆக, 200 ஆண்டுகளுக்கு முன் கல்கத்தாவிலும் சென்னையிலும் கம்பெனி அதிகாரிகள் குடித்தது எப்படி இருந்தது என்று ருசித்துப் பார்க்க விரும்புகிறவர்கள், ஆலைகளை நம்பாமல் வீட்டு அடுப்பைப் பற்றவைக்கிறார்கள்.

அது பொருத்தமும்கூட. ஏனென்றால் பர்ட்டனின் இந்தியா பேல் ஏலே ஒரு நகல்தான். அதுவும் வீட்டுப் பாத்திரத்தில் செய்து பார்த்த நகல்.

18-ஆம் நூற்றாண்டில் பர்ட்டன் காய்ச்சியது கறுத்த, இனித்த, போதை மிகுந்த பீர். ட்ரென்ட் நதி வழியாக ஹல் துறைமுகம் சென்று, அங்கிருந்து பால்டிக் கடல் தாண்டி ரஷ்யா போகும். நெப்போலியன் 1806-ல் விதித்த வணிகத் தடை அந்தப் பாதையை நெரித்தது. 1822-ல் ரஷ்யா போட்ட சுங்க வரி மிச்சத்தையும் முடித்தது. சரக்கு இருந்தது, வாங்க ஆள் இல்லை.

அதே காலத்தில் இந்தியச் சந்தையில் கோலோச்சியது லண்டனின் கிழக்குப் பகுதியில் இருந்த ஹாட்ஜ்ஸன் ஆலை. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நிற்கும் துறைக்குக் கூப்பிடு தூரம். கப்பல் காப்டன்கள் சொந்தக் கணக்கில் சரக்கு ஏற்றிப்போய் விற்கலாம் என்பது அன்றைய வழக்கம். அவர்களுக்கு 18 மாதம் வரை கடன் கொடுத்தது ஹாட்ஜ்ஸன் ஆலை. பீரின் தரத்தைவிட இந்தக் கடன்தான் அதை இந்தியாவில் நிலைநிறுத்தியது என்று சொன்னால் தப்பில்லை. பிறகு பேராசை வந்தது. 1820-களின் தொடக்கத்தில் காப்டன்களை ஒதுக்கிவிட்டு நேரடியாகவே விற்க முயன்று, விலையையும் ஏற்றி, எல்லோரையும் பகைத்துக்கொண்டார்கள்.

கம்பெனி இயக்குநர் காம்ப்பெல் மார்ஜோரிபாங்க்ஸ், பர்ட்டன் ஆலை முதலாளி சாமுவேல் ஆல்ஸாப்பை அழைத்துப் பேசினார். ஹாட்ஜ்ஸனின் பீரைக் காட்டி, இதே போல் காய்ச்ச முடியுமா என்று கேட்டார். ஆல்ஸாப் அதன் மாதிரியை ஊருக்கு எடுத்துவந்து தன் ஆலையில் மால்ட் தயாரிக்கும் ஜாப் குட்ஹெட்டிடம் கொடுத்தார். குட்ஹெட் அதற்கேற்ற வெளிர் மால்ட்டைச் செய்து, ஒரு தேநீர்க் கெண்டியில் முதல் மாதிரியைக் காய்ச்சிக் காட்டினார் என்பது கதை. இதைப் பதிவு செய்த 'பர்ட்டன் அண்ட் இட்ஸ் பிட்டர் பீர்' என்ற நூல் வந்தது 1853-ல், சம்பவம் நடந்து 30 ஆண்டுகள் கழித்து. கெண்டியை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் 1823-ல் ஆல்ஸாப்பின் பீர் கப்பலேறியதும், பாஸ் ஆலை பின்தொடர்ந்ததும், சில ஆண்டுகளில் ஹாட்ஜ்ஸனை இருவரும் பின்னுக்குத் தள்ளியதும் நிஜம்.

கெண்டிக் கதையைவிடப் பெரிய புளுகு ஒன்று பாட்டில் லேபிள்களில் இன்றும் வாழ்கிறது. சாதாரண பீர் இந்தியா போய்ச் சேர்வதற்குள் கெட்டுப்போனது, எனவே ஹாட்ஜ்ஸன் போதையையும் கசப்பையும் கூட்டிப் புதிய பானத்தைக் கண்டுபிடித்தார் என்பது அது. பிரிட்டிஷ் பீர் வரலாற்றாசிரியர் மார்ட்டின் கார்னெல் பழைய பத்திரிகைகளைப் புரட்டி இதை உடைத்துப் போட்டார். 1784-லேயே கல்கத்தா கெஜட்டில் பேல் ஏல் விளம்பரம் வந்திருக்கிறது. கறுப்பு நிறப் போர்ட்டர் பீரும் அதே கப்பல்களில் ஏறி நல்லபடியாகவே வந்து சேர்ந்தது. கம்பெனிச் சிப்பாய்களின் பானம் அதுதான், பேல் ஏல் அதிகாரிகளுக்கு. வெப்ப நாடுகளுக்கு அனுப்பும் பீரில் ஹாப்ஸ் பூவைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும் என்பது 1760-களிலேயே ஆலைக்காரர்களுக்குத் தெரிந்த பாடம். போதையிலும் அது அன்றைய இங்கிலாந்து பீர்களில் நடுத்தரம்தான். 'ஈஸ்ட் இந்தியா பேல் ஏல்' என்ற பெயரேகூட அச்சில் முதலில் தென்படுவது லண்டனிலோ கல்கத்தாவிலோ அல்ல. 1829-ல் சிட்னி நகரப் பத்திரிகை விளம்பரம் ஒன்றில்.

வீட்டில் காய்ச்சுபவர்களுக்கு இந்த வரலாற்றுச் சண்டை வெறும் வாய்ப்பேச்சு அல்ல. எதை நகலெடுப்பது என்பதே இதில்தான் அடங்கியிருக்கிறது. லேபிள் கதையை நம்பினால் ஒரு பீர். பழைய கணக்கேடுகளை நம்பினால் வேறு பீர்.

பிரிட்டனில் இந்தத் தேடலுக்கு வழி திறந்தது ஒரு பட்ஜெட். வீட்டில் பீர் காய்ச்ச 1880 முதல் லைசென்ஸ் தேவைப்பட்டது. 1963-ல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அதை ரத்து செய்தார்; விற்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. 1971-ல் மேற்கு லண்டனில் டர்டன் பார்க் பீர் சர்க்கிள் என்ற பெயரில் வீட்டுக் காய்ச்சல்காரர்கள் கூடினார்கள். பழைய ஆலைக் குறிப்புகளை எடுத்து, நூற்றுக்கணக்கான காலன்களில் இருந்த கணக்கை ஒரு காலனுக்குச் சுருக்கி, காய்ச்சிப் பார்த்து, செய்முறைகளை நூலாகவே வெளியிட்டார்கள். பின்னர் ரான் பாட்டின்ஸன், லண்டன் ஆவணக் காப்பகத்திலும் பிற இடங்களிலும் உள்ள ஆலைப் பதிவேடுகளை வரி வரியாகப் படித்து, 2014-ல் வீட்டுக் காய்ச்சல்காரர்களுக்கென்றே ஒரு கையேடு கொண்டுவந்தார்.

பதிவேடுகள் சொல்லும் பொருள்கள் ஏமாற்றும் அளவுக்கு எளிமையானவை: வெளிர் மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட், தண்ணீர். வேறெதுவும் இல்லை. நிறத்துக்கு வறுத்த தானியம் கிடையாது, சர்க்கரை கிடையாது. சிக்கல் முழுவதும் கடைசிப் பொருளில் இருக்கிறது.

பர்ட்டன் பீர் ட்ரென்ட் நதித் தண்ணீரில் காய்ச்சியது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது கிணற்றுத் தண்ணீர். ஊருக்கு அடியிலும் சுற்றிலும் உள்ள பாறைப் படிவங்களில் ஜிப்சம் ஏராளம். அதன் வழியே கசிந்து சேரும் நீரில் லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்கும் மேல் சல்ஃபேட் கரைந்திருக்கும். இந்தத் தண்ணீரில் ஹாப்ஸின் கசப்பு நாக்கில் தங்கி வழியாமல் சுத்தமாக வெட்டிக்கொண்டு மறைகிறது. பீரும் பளிச்சென்று தெளிகிறது. லண்டனின் தண்ணீர் வேறு. அதில் கறுப்பு பீர் நன்றாக வரும், கசப்பு பீர் முரட்டுத்தனமாக இருக்கும். ஹாட்ஜ்ஸனின் நகல் மூலத்தை மிஞ்சியதன் ரகசியம் கிணற்றில் இருந்தது. 1878-ல் சி. டபிள்யூ. வின்சென்ட் என்ற வேதியியலாளர் பிற ஊர்த் தண்ணீரில் ஜிப்சம் சேர்த்து அதை பர்ட்டன் தண்ணீராக்கும் வழியைச் சொன்ன பிறகு, ஊரின் தனியுரிமை போயிற்று. அந்த முறைக்கே 'பர்ட்டனாக்கம்' என்று பெயர். புதிதாக ஊற்றிய டம்ளரிலிருந்து, அப்போதுதான் கிழித்த தீக்குச்சி போல் ஒரு கந்தக வாசனை எழும். பழகாதவர் பீர் கெட்டுவிட்டதென்று நினைப்பார். பர்ட்டன்காரருக்கு அதுதான் அசல் முத்திரை.

வீட்டில் இதற்குச் செலவு சொற்பம். உப்பு குறைந்த தண்ணீரில் லிட்டருக்கு 1 கிராம் ஜிப்சம் கலந்தால் பர்ட்டன் கிணற்றுக்கு அருகில் வந்துவிடலாம். 20 லிட்டர் பீருக்குச் சுமார் 6 கிலோ மால்ட் வேண்டும். முளைகட்டி, நிறம் ஏறாமல் உலர்த்திய பார்லி அது. ஒன்றிரண்டாக உடைத்து, 67 டிகிரி சூட்டில் ஒன்றரை மணி நேரம் ஊறப்போடுகிறார்கள். கைபொறுக்காத சூடு, ஆனால் கொதி அல்ல. இந்தச் சூட்டில்தான் தானியத்தின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். நாலைந்து டிகிரி ஏறினால் பீர் கொழகொழப்பாகும், இறங்கினால் தண்ணீராகும். பிறகு வடிகட்டி, சக்கையில் வெந்நீர் ஊற்றிக் கழுவி, மிச்ச இனிப்பையும் இறக்கிக்கொள்ள வேண்டும்.

அந்த இனிப்பு நீரை இரண்டு மணி நேரம் கொதிக்கவிடும்போதுதான் ஹாப்ஸ் விழுகிறது. இங்கே எல்லோரும் ஒரு கணம் தயங்குவார்கள். இன்று சாதாரண ஆங்கில பீருக்கு 20 லிட்டரில் 40, 50 கிராம் போதும். பழைய கணக்குப்படி கால் கிலோவுக்கு மேல் போட வேண்டும். வகையும் முக்கியம்: கென்ட் பகுதியின் கோல்டிங்ஸ். அமெரிக்க ஹாப்ஸின் எலுமிச்சை, மாம்பழ வாசனைகளுக்கு இதில் இடமில்லை. சமையலறை முழுக்கக் கஷாயம் காய்ச்சும் வாடை பரவும். வீட்டில் மற்றவர்களின் பொறுமையைச் சோதிக்கும் கட்டம் இது. கொதித்து முடிந்ததும் வேகமாக ஆறவைத்து, ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டுப் பார்க்கிறார்கள். 1.065-க்கு அருகில் காட்டினால் கணக்கு சரி. நொதித்து முடிந்தபின் ஆல்கஹால் 6, 7 சதவீதம் தேறும்.

இன்னும் தீவிரமானவர்கள் பார்லியையே மாற்றுகிறார்கள். விக்டோரியா ராணி காலத்து ஆலைகள் பெரிதும் நம்பிய 'செவாலியர்' ரகம் வயல்களிலிருந்து மறைந்து வெகுகாலம் ஆகிவிட்டது. நார்விச் நகரின் ஜான் இன்னஸ் ஆய்வு மையம் விதை வங்கியில் கிடந்த அதன் விதைகளைப் பெருக்கி மீட்டெடுக்க, 2010-களில் அந்த மால்ட் மறுபடி கடைக்கு வந்தது. தேங்கிப்போன பழைய நெல் ரகத்தைத் தேடிப்பிடித்து விதைக்கும் நம் ஊர் விவசாயிக்கு இந்தப் பைத்தியம் புரியும்.

ஒரு வாரத்தில் நொதிப்பு அடங்கும். ஒரு பிடி உலர் ஹாப்ஸைப் போட்டுச் சிறிய மரப்பீப்பாயில் அடைக்கிறார்கள். ஓக் மரத்தின் வாசனை பீரில் ஏற வேண்டும் என்று பலர் ஆசைப்படுவது சினிமாத்தனம். அன்றைய ஆலைகள் வாசனை தராத பால்டிக் ஓக்கைத்தான் தேடி வாங்கின. மரவாசனை அவர்களுக்குக் குறை.

இனிதான் நிஜமான தடை. அக்டோபர் முதல் குளிர்காலத்தில் காய்ச்சிய பீர், கப்பலேறி ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி இந்தியா வர நாலு முதல் ஆறு மாதம் ஆகும். பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்டும். குளிர், வெக்கை, குளிர், வெக்கை, இடைவிடாத ஆட்டம். பீப்பாய்க்குள் வேறொரு வேலை நடந்துகொண்டே இருக்கும். முதல் ஈஸ்ட் தின்னாமல் விட்ட சர்க்கரையை இன்னொரு வகை ஈஸ்ட் மெல்ல மெல்லத் தின்னும். 1904-ல் கோபன்ஹேகன் கார்ல்ஸ்பெர்க் ஆலையின் கிளாசன் அதை இங்கிலாந்து பீரிலிருந்து பிரித்தெடுத்து, 'பிரெட்டனோமைசஸ்' என்று பெயரிட்டார். பிரிட்டன் பூஞ்சை என்று பொருள். பீரை அது வறட்சியாக்கும். பழைய தோலும் காய்ந்த வைக்கோலும் கலந்த மாதிரி ஒரு வாசனையையும் ஏற்றும். கால் கிலோ ஹாப்ஸின் முரட்டுக் கசப்பு இந்த மாதங்களில்தான் அடங்கிப் பக்குவப்படுகிறது.

இரண்டே வாரத்தில் குடித்துவிட்டு, 'வேப்பிலைக் கஷாயம்' என்கிற ரீதியில் முகம் சுளித்தவர்கள், அதே பாட்டிலை ஒரு வருடம் கழித்துத் திறந்து அசந்துபோவது இந்த வட்டாரத்தில் சகஜம். கடலுக்கு மாற்றாகச் சிலர் பீப்பாயைக் கூரையடிப் பரணில் கோடை முழுக்கக் கிடத்துகிறார்கள். சிலர் வாரம் ஒருமுறை உருட்டிவிடுகிறார்கள்.

பயணத்தையே நகலெடுத்தவரும் உண்டு. பிரிட்டிஷ் எழுத்தாளர் பீட் பிரவுன் 2007-ல், பர்ட்டனில் பழைய முறையில் காய்ச்சிய பீரை நன்னம்பிக்கை முனை வழியே கப்பலில் கொண்டுவந்தார். முதல் பீப்பாய் வழியிலேயே வெடித்துவிட, மாற்றுப் பீப்பாய் வரவழைத்துப் பயணத்தைத் தொடர்ந்தார். கல்கத்தா வரை வந்து சேர்ந்த அந்தக் கதை 2009-ல் 'ஹாப்ஸ் அண்ட் குளோரி' என்ற நூலாயிற்று.

அன்று இங்கே வந்து இறங்கிய பீப்பாயிலிருந்து பாட்டிலில் அடைத்து, வெடியுப்புக் கரைத்த நீரில் வைத்துக் குளிர்விப்பார்கள். பிறகு ஐஸே வந்தது. பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடரின் கப்பல் 1833-ல் கல்கத்தாவுக்கு முதல் ஐஸ்கட்டிகளைக் கொண்டுவந்தது. சென்னைக் கடற்கரையில் அவர் 1842-ல் கட்டிய கிடங்குதான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். பர்ட்டனின் பீரும் அமெரிக்க ஏரியின் பனிக்கட்டியும் திருவல்லிக்கேணி ஓரத்தில் சந்தித்துக்கொண்ட காலம் அது.

பீரே இறங்குவதற்குப் பதிலாகக் காய்ச்சுபவர்களும் வந்தார்கள். இமயமலை அடிவாரத்தில் டையர் தொடங்கிய ஆலைகளில் சிம்லா, கசௌலி ஆலைகளைப் பின்னர் வாங்கிய மீக்கின், பர்ட்டன் பீர்க் குடும்பமொன்றைச் சேர்ந்தவர். 1949-ல் நிர்வாகம் என்.என். மோகன் கைக்கு வர, அந்தப் பெயர் இன்றும் மோகன் மீக்கின் என்று நிற்கிறது. டையர் என்றதும் நினைவுக்கு வரும் ஜாலியன்வாலாபாக் ஜெனரல், அந்த ஆலைக்காரரின் மகன்.

பர்ட்டனிலிருந்து இந்தியாவுக்கு வந்தவற்றில் உருப்படியானது எது என்று கேட்டால், பீர் என்று சொல்வது கடினம். 1928 வாக்கில் லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் பம்பாய் வந்து, கர்ப்பிணிகளை, முக்கியமாக ஏழை மில் தொழிலாளப் பெண்களை, வாட்டிய கடும் ரத்தசோகையை ஆராய்ந்தார். பல மருந்துகள் பலிக்காத இடத்தில் ஈஸ்ட் சாறு பலித்தது. அவர் கொடுத்துப் பார்த்தது மார்மைட். 1931-ல் வெளியான அந்த முடிவிலிருந்துதான் ஃபோலிக் அமிலத்தைத் தேடும் ஆராய்ச்சி கிளைத்தது. இன்று அரசு ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையில் அது சேர்ந்தே இருக்கிறது.

பேல் ஏல் விஷயத்தில் இந்தியாவின் பங்கு இன்னமும் பெயரளவில்தான். பெங்களூர், புனே, குர்கான் நகரங்களில் சொந்தமாக பீர் காய்ச்சி விற்கும் மதுக்கூடங்கள் முளைத்த பிறகு, 'ஐ.பி.ஏ.' மறுபடி பட்டியலில் ஏறியது. பெரும்பாலும் அமெரிக்கப் பாணியில், மாம்பழ வாசனையோடு. இரண்டு வாரத்தில் காய்ச்சி அடுத்த வாரம் தீர்ந்துவிடும் சரக்கு அது. ஒரு வருடம் காக்க வைக்க எந்த முதலாளிக்கும் கட்டாது. கட்டுபடியாகும் ஒரே இடம் வீட்டுப் பரண். அதற்கு இங்கே வழியில்லை. 6 கிலோ மால்ட்டும் ஜிப்சமும் வாங்கி வைத்துக்கொண்டு, லைசென்ஸ் இல்லாமல் சமையலறையில் அடுப்பைப் பற்றவைத்தால், நம் மாநிலங்கள் பெரும்பாலானவற்றில் அது கலால் குற்றம்.